இரவுக் காவலுக்கு தெர்மல், நைட் விஷன் கருவி: குறைந்த செலவில் எதை வாங்கலாம்?

மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரம், நிலக்கடலை காய் முற்றும் நேரம், மரவள்ளிக் கிழங்கு திரளும் நேரம். இந்த மூன்று பருவத்திலும் மலையடிவார விவசாயிகளுக்கு இரவுத் தூக்கம் கிடையாது. தொண்டாமுத்தூர், தடாகம், காரமடை, சிறுமுகைப் பக்கம் யானையும் பன்றியும் வருகின்றன. சத்தியமங்கலம், தாளவாடி, அந்தியூர்ப் பக்கமும் இதே நிலைதான். உடுமலை வட்டாரத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் புகுந்து சாய்த்துவிட்டுப் போகிறது.

இந்த நிலையில் ‘இருட்டிலும் 500 மீட்டர் தெரியும்’, ‘1,000 மீட்டர் தெரியும்’ என்று செல்போனில் வரும் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, எதை வாங்கலாம், எவ்வளவு ஆகும், துப்பாக்கியில் பொருத்த முடியுமா என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அதற்கான விவரங்களை இங்கே பார்க்கலாம்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு வேட்டைக்காரர்களை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. தூரத்தில் இருக்கும் விலங்கைத் தேடிப்போவது அவர்களுடைய வேலை. நமக்கு வேண்டியது வேறு. சாளையை விட்டு இறங்கும் முன், காட்டுக்குள் நிற்பது யானையா, பன்றியா, நாயா, தண்ணீர் கட்ட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று தெரிய வேண்டும். இதை எத்தனை மீட்டரில் காட்டுகிறது என்பதை வைத்துத்தான் கருவியைத் தேர்வு செய்ய வேண்டும்.

சுடுவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் உள்ளது. 2022இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் உள்ளது. நம் பயிரை மேய்ந்தாலும் நாமாகச் சுட முடியாது. மீறினால் சிறையும் அபராதமும் உண்டு.

பன்றிக்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் இருக்கிறது. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கு மட்டுமே. வனவிலங்கைக் கொல்ல அது அனுமதி ஆகாது.

ஆகவே துப்பாக்கியில் பொருத்தும் ‘ஸ்கோப்’ வகை நமக்குத் தேவையில்லை. அதற்குக் கொடுக்கும் பணம் வீண். சிக்கலும் கூடவே வரும். கையில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ‘மோனாகுலர்’ வகையே போதும்.

நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலியும், அவுட்டுக்காயும் குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்தில் வைத்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இருட்டில் அந்தக் கம்பியை மிதிப்பது யானையா, மனிதரா என்று மின்சாரத்துக்குத் தெரியாது. சூரியசக்தி வேலி அமைப்பதானாலும் 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்தே அமைக்க வேண்டும்.

சந்தையில் உள்ள வகைகள்

1. டிஜிட்டல் நைட் விஷன்: இது ஒரு கேமராவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் சேர்ந்தது. விளக்கு பாயும் தூரம்வரைதான் தெரியும். படம் தெளிவாக இருக்கும்; விலங்கின் முகம், கொம்பு, வேலிக் கம்பி எல்லாம் தெரியும். ஆனால் புல், தட்டை, தூசி, பனிமூட்டம் முன்னால் இருந்தால் வெளிச்சம் திரும்பி அடித்துப் படம் வெளுத்துவிடும். விளக்கில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை உண்டு. 850 அதிக தூரம் போகும். அருகில் பார்த்தால் லேசான சிவப்பு ஒளி தெரியும். 940இல் அந்த ஒளி தெரியாது, தூரம் குறைவு.

2. தெர்மல்: இதற்கு விளக்கே வேண்டாம். ஒவ்வொரு பொருளிலிருந்தும் வெளிவரும் வெப்பத்தைப் படமாகக் காட்டும். கும்மிருட்டில், குளிர்ந்த மண்ணின் மேல் நிற்கும் விலங்கு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். காவலுக்கு இதுவே சிறந்தது. ஆனால் டிஜிட்டல் வகையைவிடப் பல மடங்கு விலை. நல்ல கருவி ஒன்று லட்சத்தைத் தொடும், தாண்டும்.

3. குழாய் வகை நைட் விஷன்: நட்சத்திர வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் ராணுவ வகை. நல்ல தரம் மிகவும் விலை கூடியது. பகல் வெளிச்சம் பட்டால் குழாய் கெட்டுவிடும். விவசாயிக்குப் பரிந்துரைப்பதில்லை.

4. சோலார் 4ஜி கேமரா: சிம் கார்டு போட்டு, சாளையிலோ கம்பத்திலோ மாட்டிவிடலாம். ஆள், விலங்கு அசைந்தால் செல்போனுக்குத் தகவல் வரும். இரவில் 20 முதல் 30 மீட்டர் வரைதான் நம்பலாம். யானை நுழையும் இட்டேரி, ஓடைப் பாதை, கேட் போன்ற குறுகிய இடத்துக்கு ஏற்றது. செலவும் குறைவு.

செல்போனில் செருகும் தெர்மல் கருவிகள் மின்பணியாளர்களுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் லென்ஸ் சிறியது. 50 மீட்டரைத் தாண்டினால் பன்றி ஒரு சிறு புள்ளி மட்டுமே.

விளம்பர தூரத்தை ஏழால் வகுத்துப் பாருங்கள்

கோலத்துக்குப் புள்ளி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளியில் ஒரு கோடுதான் இழுக்க முடியும். புள்ளி கூடக் கூடத்தான் உருவம் பிடிபடும். தெர்மல் படமும் அப்படித்தான். ஒரு விலங்கின் மேல் 2 புள்ளி விழுந்தால், ‘ஏதோ சூடான பொருள் இருக்கிறது’ என்று தெரியும். 6 முதல் 8 புள்ளி விழுந்தால், நாலுகால் பிராணி என்று சொல்லலாம். 12 புள்ளிக்கு மேல் விழுந்தால்தான் பன்றியா, நாயா, ஆடா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

விளம்பரத்தில் போடும் தூரம் முதல் வகை. நமக்கு வேண்டியது மூன்றாம் வகை. இப்போது வரும் கருவிகளில் பெரும்பாலும் சென்சாரின் ஒரு புள்ளி 12 மைக்ரான் அளவு. அதை வைத்து, உடல் அளவு சுமார் 1 மீட்டர் உள்ள பன்றிக்குக் கணக்கிட்டால் இப்படி வரும்:

• 10 மி.மீ லென்ஸ்: பன்றி என்று பிரித்தறிய 70 மீட்டர்
• 19 மி.மீ லென்ஸ்: 130 மீட்டர்
• 25 மி.மீ லென்ஸ்: 170 மீட்டர்

இவை வானம் தெளிவாக இருக்கும் இரவுக்கான கணக்கு. 10 மி.மீ லென்ஸ் கருவியை ‘500 மீட்டர்’ என்று விற்றால், நம் தேவைக்கு அது 70 மீட்டர் கருவி. மற்ற லென்ஸ்களுக்கும் இதே விகிதம் பொருந்தும். விளம்பர தூரத்தை ஏழால் வகுத்தால் வருவதே உங்கள் தூரம். யானை பெரிய உருவம் என்பதால், 10 மி.மீ லென்ஸிலேயே 170 மீட்டர் வரை யானை என்று தெரிந்துவிடும்.

லென்ஸ் பெரிதானால் பார்வை குறுகும்

லென்ஸின் மி.மீ கூடினால் தூரம் கூடும். ஆனால் பக்கவாட்டில் தெரியும் அகலம் குறையும். 256×192 சென்சாரில் 10 மி.மீ லென்ஸ் போட்டால், 100 மீட்டர் தொலைவில் 30 மீட்டர் அகலம் தெரியும். அதே சென்சாரில் 25 மி.மீ லென்ஸ் போட்டால் 12 மீட்டர் அகலம்தான். குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். தூரத்துப் பன்றியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வரப்பில் நிற்கும் யானையைத் தவறவிடலாம். நடந்து போகிறவருக்கு அகலப் பார்வையே பாதுகாப்பு. தூரமும் அகலமும் சேர்ந்து வேண்டுமென்றால் 384×288 சென்சாருக்குப் போக வேண்டும்; 19 மி.மீ லென்ஸுடன் அதில் 100 மீட்டரில் 24 மீட்டர் அகலம் கிடைக்கும்.

எந்தக் காட்டுக்கு எது?

ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். நான்கு ஏக்கர் என்றால் 127 மீட்டர். நடுவில் பரணோ சாளையோ இருந்தால் மூலைக்கு 90 மீட்டர்தான். இந்தக் கணக்கை உங்கள் காட்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

• 2 ஏக்கர் வரை: வெட்டவெளியான பயிர் என்றால் டிஜிட்டல் நைட் விஷன், அல்லது இரண்டு சோலார் கேமரா. யானை நடமாட்டம் உள்ள இடமானால் 256×192, 10 மி.மீ தெர்மல்.
• 3 முதல் 6 ஏக்கர் வரை: 256×192 சென்சார், 15 முதல் 19 மி.மீ லென்ஸ்.
• அதற்கு மேல், அல்லது பல தோட்டங்களுக்குச் சேர்த்து: 384×288 சென்சார், 19 முதல் 25 மி.மீ லென்ஸ்.
• 640×512 சென்சார்: நமக்குத் தேவையில்லை.

விலை கூடிய கருவியைத் தனியாக வாங்குவதைவிட, பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் குழு மூலமாகவோ ஒன்று வாங்கி முறை வைத்துக் காவல் காப்பது நல்லது. கூட்டம் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குத்தான் போகும். ஒருவர் பார்த்துச் சொன்னால் எல்லோருக்கும் பயன்.

தெர்மல் எங்கே ஏமாற்றும்?

• தட்டைக்குள் தெரியாது. ஆள் உயர மக்காச்சோளம், கரும்பு, அடர்ந்த வாழைக்குள் நிற்கும் விலங்கின் வெப்பத்தை இலைகள் மறைத்துவிடும். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. வரப்போரம், ஓடையோரம், நுழையும் பாதை ஆகியவற்றையே கவனியுங்கள்.
• கோடையில் முன்னிரவில் மண், பாறை, கிணற்றுச் சுவர் எல்லாம் சூடாகவே இருக்கும். விலங்கு அதோடு கலந்துவிடும். நள்ளிரவுக்கு மேல் விடியும்வரை படம் தெளிவாக இருக்கும்.
• கனமழை, அடர்ந்த பனிமூட்டத்தில் தூரம் பெரிதும் குறையும்.
• சேற்றில் புரண்டு ஈரத்தோடு வரும் பன்றி மங்கலாகத் தெரியும்.
• கண்ணாடி வழியாகத் தெரியாது. சாளை ஜன்னல், கார் கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்துப் பயனில்லை.
• மனிதர் என்று தெரியும். யார் என்று தெரியாது.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள்

ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்கு ‘நைட் விஷன் பைனாகுலர்’ என்று வரும் பலவும் சிவப்புப் பூச்சு பூசிய சாதாரணப் பகல் பைனாகுலர்கள். செல்போனில் இறக்கும் ‘தெர்மல் கேமரா’ செயலிகள் படத்துக்கு நிறம் பூசுபவை மட்டுமே. சாதாரண செல்போன் கேமராவால் உடல் வெப்பத்தைப் பார்க்க முடியாது.

உண்மையான தெர்மலா என்று கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள்:

1. சுவரில் உள்ளங்கையைப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். உண்மையான தெர்மலில் கை எடுத்த பிறகும் கைத்தடம் தெரியும்.
2. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். உண்மையான தெர்மலில் அவர் தெரியமாட்டார்.

மேலும் கவனிக்க வேண்டியவை:

• வெப்ப நுட்பம்: ‘என்இடிடி’ என்று போட்டிருக்கும். 40 மில்லிகெல்வினுக்குக் கீழ் இருந்தால் நல்லது. 25க்குக் கீழ் இருந்தால் ஈரமான இரவிலும் வேறுபாடு காட்டும். எண் குறைவாக இருப்பதே மேல்.
• படம் புதுப்பிக்கும் வேகம்: விநாடிக்கு 25 முறை போதும். 50க்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.
• டிஜிட்டல் ஜூம்: இருக்கும் புள்ளியைப் பெரிதாக்கும், புதுப் புள்ளியைச் சேர்க்காது. ‘8 மடங்கு ஜூம்’ என்பதற்குப் பணம் தர வேண்டாம்.
• பேட்டரி: கழற்றி மாற்றும் வகை நல்லது. உள்ளேயே இருக்கும் வகை என்றால் பவர் பேங்கில் போட்டுப் பயன்படுத்த முடிகிறதா என்று பாருங்கள்.
• நீர், தூசித் தடுப்பு: ஐபி67 தரம் இருந்தால் மழைக்காலத்துக்கும் ஆகும்.
• ஜிஎஸ்டி பில்லும், இந்தியாவில் பழுதுபார்க்கும் மையமும் கட்டாயம். விலையை மூன்று இடத்தில் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கால அவகாசத்துக்குள் உங்கள் காட்டில் இரண்டு இரவு வைத்துப் பாருங்கள். 50, 100, 150 மீட்டரில் உங்கள் ஆட்டையோ மாட்டையோ கட்டிவைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கருவி அவ்வப்போது ‘டிக்’ என்று சத்தமிட்டுப் படம் ஒரு கணம் நின்று வரும். சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் அது, பழுது அல்ல. சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள், சென்சார் கெடும். லென்ஸைத் துண்டால் துடைக்காமல் மெல்லிய லென்ஸ் துணியால் துடையுங்கள்.

பயன்படுத்தும் முறை

ஆபத்து பன்றியை விரட்டும்போது மட்டும் வருவதில்லை. இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடவும், தண்ணீர் திருப்பவும் தனியாக நடந்து போகும்போதுதான் யானையின் எதிரே போய் நிற்க நேரிடுகிறது. ஆகவே:

1. கதவைத் திறந்ததும் இறங்காமல், முதலில் சாளையைச் சுற்றி 30 மீட்டரைப் பாருங்கள். அடுத்து நடக்கப்போகும் பாதை. கடைசியாகத் தூரம். அருகிலிருந்து தூரத்துக்கு என்பதே வரிசை.
2. ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். இலைக்குப் பின்னால் நின்றது அதற்குள் நகர்ந்திருக்கும்.
3. திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்த கண் மீண்டும் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். நடக்கும்போது டார்ச் கையில் இருக்கட்டும்.
4. யானை தெரிந்தால் இறங்கவே வேண்டாம். பக்கத்துத் தோட்டங்களுக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் போன் செய்யுங்கள். உங்கள் பகுதி வனவர், வனக்காப்பாளர் எண்கள் செல்போனில் முதல் வரிசையில் இருக்க வேண்டும்.
5. பன்றி என்று உறுதியானால், பரணிலிருந்தோ சாளையிலிருந்தோ சத்தம், வெளிச்சம் கொண்டு விரட்டுங்கள். குட்டியோடு இருக்கும் பன்றிக்கு ஓடுவதற்கு வழி விட்டு விரட்டுங்கள்.
6. சேதம் நடந்தால் தேதி, நேரத்தோடு பதிவான வீடியோவைப் பத்திரப்படுத்துங்கள். வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்த விலங்கால் சேதம் என்று காட்ட அது உதவும்.

கருவிக்குப் பணம் போதவில்லை என்றால், முதலில் செல்போனில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டரையும், நல்ல ஹெட்லைட்டையும் வாங்குங்கள். இரவில் இருட்டுக்குள் நடப்பதைக் குறைத்தாலே பாதி ஆபத்து குறையும்.

மதுக்கரை காட்டும் வழி

2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு மதுக்கரை வனச்சரகத்தில் ரயில் பாதையோரம் 12 கோபுரங்களில் தெர்மல் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் பொருத்தப்பட்டன. 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு உதவியோடு கண்காணிப்பு தொடங்கியது. யானை பாதையை நெருங்கினால் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகிறது. ரயிலின் வேகம் குறைகிறது. அங்கே கருவி செய்வது ஒரே வேலை: முன்கூட்டியே பார்த்துச் சொல்வது.

உங்கள் காட்டிலும் அது செய்ய வேண்டிய வேலை அதுதான். ஒரு பருவத்து வெள்ளாமை போனால் அடுத்த பருவத்தில் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் கட்டப் போனவர் வீடு திரும்ப வேண்டும். லென்ஸைப் பார்த்து, தூரத்தை ஏழால் வகுத்து, உங்கள் காட்டின் அளவுக்கு வாங்குங்கள். மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும், வனச்சரக அலுவலகத்தையும் அணுகலாம்.